யெமி ஒசின்பாஜோ: வக்கீல், பாஸ்டர், எட்டு வருடம் துணை அதிபர். பிறகு ஏன் வெறும் 235 ஓட்டு?

லேகோஸ்_ரிட்டர்ன்

2022 ஜூன் 8 காலை. நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் ஈகிள் ஸ்கொயர் மைதானத்தில் ஆளும் ஏ.பி.சி. கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. விடிய விடிய ஓட்டுப் போட்டுவிட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் இங்கே கோவையில், காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் போனில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு வந்தது. போலா டினுபு 1,271. ரோட்டிமி அமேச்சி 316. யெமி ஒசின்பாஜோ 235.

அன்று மனம் கனத்துப்போனது. 2012 முதல் 2019 வரை லேகோஸில் இகேஜா பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தவன் நான். ஒசின்பாஜோ என்ற பெயர் என் டிரைவர் வாயிலும், ஆபீஸ் பெண்கள் வாயிலும், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய் வருபவர்கள் வாயிலும் தினமும் அடிபட்ட காலம் அது. அப்போது துணை அதிபராக இருந்த மனிதருக்குச் சொந்தக் கட்சியில் 235 பேர்தானா?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1957 மார்ச் 8இல் லேகோஸில் பிறந்தவர். குடும்பத்துக்குப் பூர்வீகம் ஓகுன் மாநிலத்து இகென்னே. தென்மேற்கில் வாழும் யோருபா இனத்து அரசியலின் பெரிய தலைவர் அவோலோவோவின் ஊரும் அதுதான். அவருடைய பேத்தி டோலாபோவைத்தான் ஒசின்பாஜோ கல்யாணம் செய்துகொண்டார். லேகோஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம், பிறகு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் மேற்படிப்பு. திரும்பி வந்து அதே லேகோஸ் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். 1999 முதல் 2007 வரை லேகோஸ் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல். ரிடீம்ட் என்ற பெந்தெகொஸ்தே சபையில் பாஸ்டர். 2015 மே 29 முதல் 2023 மே 29 வரை துணை அதிபர்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் வகித்த ஒவ்வொரு பதவியும் இன்னொருவர் கொடுத்தது. பாஸ்டர் என்ற பெயர் அவருக்கு நாற்காலியைப் பெற்றுத் தந்தது, ஆட்களைப் பெற்றுத் தரவில்லை. இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

நெல்லை_வக்கீல்

ரிட்டர்ன் சார், அட்டர்னி ஜெனரலாக இருந்த எட்டு வருடத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். என்னைக் கேட்டால் அவருடைய உண்மையான சாதனை அங்கேதான் இருக்கிறது.

1999இல் ராணுவ ஆட்சி முடிந்து, டினுபு லேகோஸ் ஆளுநர் ஆகிறார். ஒசின்பாஜோவைச் சட்டத் துறைக்குக் கூட்டி வருகிறார். நீதிமன்றங்கள் அப்போது கிடந்த நிலை பரிதாபம். நீதிபதிகளுக்குச் சம்பளம் குறைவு, லஞ்சப் புகார்கள், வருடக்கணக்கில் இழுக்கும் வழக்குகள். அவர் நீதிபதிகளின் சம்பளத்தையும் வீட்டு வசதியையும் உயர்த்தினார். ஏழைகளுக்கு இலவசமாக வாதாட ‘பப்ளிக் டிஃபென்டர்’ அலுவலகம், சின்னச் சண்டைகளைப் பேசித் தீர்க்க மத்தியஸ்த மையம், 2004இல் உயர் நீதிமன்றத்துக்குப் புதிய சிவில் நடைமுறை விதிகள் என்று வரிசையாகக் கொண்டுவந்தார். மற்ற மாநிலங்கள் பிறகு லேகோஸைப் பார்த்துத்தான் மாற்றின.

அடுத்து, மத்திய அரசோடு நடத்திய வழக்குகள். நகரத் திட்டமிடல் யார் கையில் என்ற வழக்கில், அது மாநிலத்தின் அதிகாரம் என்று 2003இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார்கள். 2004 வழக்கு இன்னும் பெரிது. லேகோஸ் தன் 20 உள்ளாட்சிகளை 57 ஆக்கியது. அதிபர் ஒபாசாஞ்சோவுக்குக் கோபம். லேகோஸ் உள்ளாட்சிகளுக்குப் போக வேண்டிய பணத்தையே நிறுத்திவிட்டார். மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பணத்தை நிறுத்த அதிபருக்கு அதிகாரமே கிடையாது. அதே சமயம் புதிய உள்ளாட்சிகள் முழுமை பெற நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். இரண்டு தரப்புக்கும் பாடம் சொன்ன தீர்ப்பு. தீர்ப்பு வந்தும் ஒபாசாஞ்சோ பணத்தை விடவில்லை. அவர் போய் அடுத்த அதிபராக யாரதுவா வந்த பிறகுதான் மொத்தமும் லேகோஸ் கைக்கு வந்தது.

நான் சட்டக் கல்லூரியில் கூட்டாட்சி பாடத்துக்காக இந்தத் தீர்ப்பைப் படித்தேன். வாதங்களைக் கட்டிய விதத்தைப் பார்த்துத்தான் அட்டர்னி ஜெனரல் யார் என்று தேடினேன். அவர் பாஸ்டர் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

சபைப்பிள்ளை

நான் தூத்துக்குடி பக்கம் ஒரு பெந்தெகொஸ்தே சபை விசுவாசி. ரிடீம்ட் சபையைப் பற்றித் தெரிந்ததை எழுதுகிறேன்.

1952இல் அகிண்டாயோமி என்ற எழுதப் படிக்கத் தெரியாத ஊழியக்காரர் ஆரம்பித்தது. 1981 முதல் அதை நடத்துகிறவர் ஈனோக் அடெபோயே, கணித விரிவுரையாளராக இருந்தவர். அவர் வந்த பிறகுதான் படித்தவர்கள், வக்கீல்கள், வங்கிக்காரர்கள் எல்லாம் சபைக்குள் வந்தார்கள். முழுநேர ஊழியம் செய்யாமல், தங்கள் தொழிலையும் பார்த்துக்கொண்டு சபையையும் மேய்க்கும் பாஸ்டர்கள் அங்கே நிறைய. ஒசின்பாஜோ அந்த வகை. இகோயியில் பனானா ஐலண்ட் பகுதியில் ‘ஆலிவ் ட்ரீ’ சபையைத் தலைமையாகக் கொண்ட ஒரு மாகாணம் அவர் பொறுப்பில் இருந்தது. பனானா ஐலண்ட் லேகோஸிலேயே பெரும் பணக்காரர்கள் குடியிருக்கும் இடம்.

அதனால் ‘பாஸ்டர் அரசியலுக்கு வந்தார்’ என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வக்கீலாகவும் அமைச்சராகவும் இருந்தவர் சபையிலும் பொறுப்பு வகித்தார். 2014 டிசம்பரில் அந்த இரண்டாவது அடையாளம் அரசியலுக்குத் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள்.

பழைய_வாத்தியார்

அந்த ‘தேவைப்பட்டது’ என்பதை விளக்க எனக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள். நான் 1978இல் வடக்கே கானோ மாநிலத்தில் ஒரு அரசுப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராகப் போனவன். அந்த நாளில் நம் ஊரிலிருந்து போன ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருந்தோம். 1983 டிசம்பர் 31 இரவு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தலைவராக வந்தவர் ஜெனரல் முகம்மது புஹாரி. ‘ஒழுங்கீனத்துக்கு எதிரான போர்’ என்று அறிவித்து, பஸ் நிறுத்தத்தில் ஜனங்களை வரிசையில் நிற்க வைக்கச் சிப்பாய்கள் சாட்டையோடு நின்றார்கள். என் கண்ணால் பார்த்தேன். சம்பளத்தை ஊருக்கு அனுப்ப முடியாமல் போனதால் 1984 கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதே புஹாரிதான் 2003, 2007, 2011 என்று மூன்று முறை தேர்தலில் நின்று தோற்றார். வடக்கில் ஏழை முஸ்லிம்கள் அவரைக் கொண்டாடினார்கள். தெற்கில் கிறிஸ்தவர்களுக்குப் பயம். 2014இல் அவர் மறுபடி வேட்பாளர். தென்மேற்கு யோருபா ஓட்டு இல்லாமல் ஜெயிக்க முடியாது. அதைக் கையில் வைத்திருந்தவர் டினுபு, அவரும் முஸ்லிம். துணை அதிபராக டினுபுவே நின்றால் இருவரும் முஸ்லிம். 1993இல் அபியோலாவும் கிங்கிபேயும் முஸ்லிம்-முஸ்லிம் ஜோடியாக நின்று ஜெயித்தார்கள், ராணுவம் அந்தத் தேர்தலை ரத்து செய்தது. அப்போது யாரும் மதத்தைப் பெரிதாகப் பார்க்கவில்லை. ஆனால் 2014 ஏப்ரலில் சிபோக் பள்ளிப் பெண்களை போகோ ஹராம் தீவிரவாதிகள் தூக்கிப் போன வருடம், தம்பி. அந்த நேரத்தில் முஸ்லிம்-முஸ்லிம் என்றால் தெற்கே ஓட்டு விழாது என்று கட்சிக்காரர்களே பயந்தார்கள்.

லேகோஸ்_ரிட்டர்ன்

வாத்தியார் ஐயா, அருமை. நான் எழுத நினைத்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். மீதியை நான் சொல்கிறேன்.

டினுபு ஒதுங்கி, தன் பக்கத்து ஆட்களின் பெயர்களைக் கொடுத்தார். 2014 டிசம்பர் 17 அன்று ஒசின்பாஜோவின் பெயர் அறிவிக்கப்பட்டது. யோருபா, கிறிஸ்தவர், பாஸ்டர், கறை படியாத வக்கீல், டினுபுவின் பழைய அமைச்சர். எல்லாக் கட்டமும் நிரம்பியது. அதற்கு முன் ஒரு தேர்தலில்கூட நின்று ஓட்டுக் கேட்டவர் இல்லை. 2015 மார்ச் தேர்தலில் புஹாரி 1,54,24,921 ஓட்டு, அப்போதைய அதிபர் ஜோனதன் 1,28,53,162. பதவியில் இருந்த அதிபர் தேர்தலில் தோற்றது நைஜீரியாவில் அதுவே முதல் தடவை.

ஒரு விஷயத்தைப் பாராட்டியே ஆகவேண்டும். பதவிக்கு வந்த அந்த செப்டம்பரில் புஹாரி, ஒசின்பாஜோ இருவரின் சொத்து விவரமும் வெளியானது. புஹாரியின் வங்கிக் கணக்கில் இருந்ததைவிட ஒசின்பாஜோ கணக்கில் பல மடங்கு: 9.4 கோடி நைரா, 9 லட்சம் டாலர், 19 ஆயிரம் பவுண்டு. எங்கள் ஆபீஸில் சலசலப்பு. ‘பாஸ்டருக்கு இவ்வளவா?’ என்று ஒரு பெண் கேட்டார். ‘வக்கீலுக்கு இது வரும், உழைத்துச் சம்பாதித்ததைத்தானே சொல்கிறார்’ என்று இன்னொருவர். மறைக்காமல் சொன்னதே பெரிய விஷயம் என்று அன்று எனக்குத் தோன்றியது.

அப்புறம் 2017. அந்த வருடத்தை மறக்கவே முடியாது. ஜனவரியில் புஹாரி சிகிச்சைக்கு லண்டன் போனார், மார்ச்சில் வந்தார். மே 7 திரும்பவும் போனவர் ஆகஸ்ட் 19 வரை வரவில்லை. அந்த மாதங்களில் ஒசின்பாஜோதான் பொறுப்பு அதிபர். எண்ணெய்க் குழாய்கள் வெடித்துக்கொண்டிருந்த நைஜர் டெல்டாவுக்கு நேரில் போய் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார். தலைமை நீதிபதி நியமனம் இழுத்துக்கொண்டே கிடந்தது. ஒன்னோகனின் பெயரை செனட்டுக்கு அனுப்பி, மார்ச் 7 அன்று பதவிப் பிரமாணமும் செய்து வைத்தார். மே 18 அன்று தொழில் நடத்துவதை எளிதாக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். எந்த அலுவலகத்தில் எதற்கு என்ன ஆவணம், எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்று எழுதி மாட்ட வேண்டும். கெடு தாண்டினால் அனுமதி கொடுத்ததாகவே கணக்கு. கணக்கு வேலை பார்க்கும் எனக்கு அந்த ஆணை வரப்பிரசாதம். அடுத்த வாரம் ஒரு அலுவலகத்துக்குப் போனபோது, கவுன்டர் கண்ணாடியில் கட்டணப் பட்டியல் ஒட்டியிருந்தது. பசை காயவில்லை, ஓரம் சுருண்டிருந்தது. அதைப் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். உலக வங்கிப் பட்டியலில் 169இல் இருந்த நைஜீரியா அந்த வருடம் 145க்கு வந்தது.

அப்போது என் டிரைவர் ஒன்று சொன்னார். அவர் யோருபா முஸ்லிம், மனைவி ரிடீம்ட் சபை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. இபாடன் சாலையில் அந்தச் சபையின் ரிடெம்ப்ஷன் கேம்ப் இரவு ஜெபத்துக்குப் போகும் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறோம். ரேடியோவில் பொறுப்பு அதிபரைப் பற்றிய செய்தி. ‘இவரே அதிபராக இருந்தால் நன்றாக இருக்குமே’ என்றேன். அவர் ஸ்டீரிங்கைத் தட்டிக் காட்டினார். ‘ஓகா (முதலாளி), நானும் தினமும் இதை ஓட்டுகிறேன். வண்டி யார் பெயரில் இருக்கிறது?’ என்றார்.

மதுரை_மீனா

எல்லோரும் அவரை நல்லவர் என்று எழுதுகிறீர்கள். இருக்கட்டும். ஆனால் ஒரு சட்டப் பேராசிரியர் எப்போது வாய் திறக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டாமா?

அவரே பதவிப் பிரமாணம் செய்து வைத்த தலைமை நீதிபதி ஒன்னோகனை, 2019 ஜனவரி 25 அன்று, தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நிலையில் புஹாரி இடைநீக்கம் செய்தார். சொத்துக் கணக்குக் குற்றச்சாட்டு. எதிர்த்தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாயம் கொடுத்த உத்தரவு ஒன்றை வைத்து. நாட்டின் வக்கீல் சங்கமே கண்டித்தது. துணை அதிபர் ராஜினாமா செய்யவில்லை.

ஷியா தலைவர் ஸக்ஸாக்கியை விடுதலை செய்யச் சொல்லி 2016 டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அவர் வெளியே வந்தது 2021 ஜூலையில். அந்த ஏறக்குறைய ஐந்து வருடமும் அதே அரசாங்கத்தில் இரண்டாவது இடத்தில் இருந்தவர் ஒரு மூத்த வழக்கறிஞர். நீதிமன்ற உத்தரவை அரசே மதிக்காதது அவரை எப்படித் தூங்க விட்டது?

சார்ஸ் என்ற கொடுமைக்காரப் போலீஸ் பிரிவைச் சீரமைக்க 2018 ஆகஸ்டில் பொறுப்பு அதிபராக ஆணையிட்டார், உண்மை. 2020 அக்டோபரில் அதே சார்ஸுக்கு எதிராக லட்சக்கணக்கான பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். ஆணை போட்டதால் ஒன்றும் மாறவில்லை என்றுதானே அர்த்தம்? அந்த 20ஆம் தேதி லேகோஸின் லெக்கி சுங்கச்சாவடியில் ராணுவம் சுட்டது. அந்தச் சம்பவத்தை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது. கொடியை உடம்பில் சுற்றிக்கொண்டு தேசியகீதம் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள்.

நெல்லை_வக்கீல்

மீனா அக்கா, ஒன்னோகன் விஷயத்தில் எனக்கும் பதில் இல்லை. அந்த மௌனம் தப்புதான்.

ஆனால் துணை அதிபருக்கு அங்கே அரசியல் சாசனம் என்ன தருகிறது என்று பாருங்கள். தேசியப் பொருளாதாரக் கவுன்சிலின் தலைமை அவருக்கு உண்டு. அதற்கு மேல் அதிபர் பார்த்து எதை ஒப்படைக்கிறாரோ அது மட்டும்தான். முழு அதிகாரமும் வருவது பொதுவாக 145ஆம் பிரிவின்படி அதிபர் எழுத்தில் கொடுத்தால்தான். 2017 மே மாதக் கடிதத்தில் ‘துணை அதிபர் அரசுப் பணிகளை ஒருங்கிணைப்பார்’ என்று எழுதியிருந்தது. ‘பொறுப்பு அதிபர்’ என்ற சொல் இல்லை. செனட்டிலேயே ஒருவர் எழுந்து ஆட்சேபித்தார். 145ஆம் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது, அது போதும் என்று அவைத்தலைவர் முடித்துவைத்தார். ஒரு வார்த்தையை வைத்துக்கூட உரசல் வரும் இடம் அது.

2018 ஆகஸ்ட் 7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முகமூடி போட்ட உளவுத்துறைக்காரர்கள் நாடாளுமன்ற வாசலை அடைத்தார்கள். அதிபர் விடுப்பில் லண்டனில். ஒசின்பாஜோ அன்றைக்கே உளவுத்துறைத் தலைவர் லவால் டவுராவை வீட்டுக்கு அனுப்பினார். டவுரா புஹாரியின் சொந்த ஊர்க்காரர். ஒசின்பாஜோ அந்த இடத்தில் உட்கார வைத்த அதிகாரியை, புஹாரி திரும்பி வந்து அடுத்த மாதமே மாற்றிவிட்டார்.

கால்பந்து_சேகர்

இந்த இழையில் இன்னொரு பெயர் வந்தே ஆகவேண்டும். புஹாரியோடு துணை அதிபர் வேட்பாளராக நின்ற முதல் வக்கீல்-பாஸ்டர் ஒசின்பாஜோ இல்லை. 2011இல் நின்றவர் டுண்டே பகாரே.

பகாரே 1954இல் அபெயோகுட்டாவில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். அவரும் லேகோஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர்தான். ரிடீம்ட் சபைக்குச் சட்ட ஆலோசகராக இருந்து, பிறகு வெளியே வந்து 1989இல் ‘லேட்டர் ரெய்ன்’ என்ற சொந்தச் சபையை ஆரம்பித்தார். ஆள் அப்படியே நேரெதிர். மேடையில் இடி இடிப்பார். 2010இல் அதிபர் யாரதுவா உடம்பு முடியாமல் சவுதியில் கிடக்க, துணை அதிபருக்குப் பொறுப்பு தராமல் இழுத்தடித்தபோது, தெருவில் ஊர்வலம் நடத்தியவர் பகாரே. 2012 ஜனவரியில் பெட்ரோல் மானியத்தை நீக்கியபோது ஓஜோட்டா பூங்காவில் கூடிய கூட்டத்தையும் அவர்தான் முன்னின்று நடத்தினார்.

2011இல் டினுபு கட்சியும் புஹாரி கட்சியும் சேர வேண்டியது. ஜெயித்த பிறகு பகாரே விலகிவிடுவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், அவர் மறுத்தார், கூட்டணி உடைந்தது என்பது அப்போது வந்த செய்தி. புஹாரி அந்தத் தேர்தலில் ஒரு கோடிக்கும் அதிகமான ஓட்டில் தோற்றார். 2014இல் துணை அதிபர் இடம் காலியானபோது பகாரேவை யாரும் கூப்பிடவில்லை. டினுபுவுக்கு ஒத்துவரும் இன்னொரு பாஸ்டர் கிடைத்துவிட்டார்.

2022இல் அதே ஈகிள் ஸ்கொயரில் பகாரேவும் வேட்பாளர். எத்தனை ஓட்டு தெரியுமா? பூஜ்யம். மற்றவர்கள் பலர் டினுபுவுக்காக விலகியபோதும் இவர் விலகாமல் நின்று வாங்கிய பூஜ்யம். எனக்கு அந்தப் பூஜ்யத்தின் மேல் மரியாதை இருக்கிறது.

சபைப்பிள்ளை

சேகர் அண்ணா, பகாரேவைப் பற்றி ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். 1999இல் ஒபாசாஞ்சோ பதவி ஏற்கமாட்டார், மே 29க்கு முன் அவர்மேல் கோடரி விழும் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். ஒபாசாஞ்சோ பதவி ஏற்றார், எட்டு வருடம் இருந்தார். 2019இல் பகாரே தன் சபையில் நின்று ‘புஹாரி 15ஆவது அதிபர், நான் 16ஆவது’ என்றார். 16ஆவதாக வந்தவர் டினுபு.

பிரசங்க மேடையில் நின்று கர்த்தரின் நாமத்தில் சொல்கிற வார்த்தை அது. அரசியல்வாதி தேர்தல் வாக்குறுதி தவறினால் ஜனங்கள் ஐந்து வருடத்தில் மறந்துவிடலாம். ஊழியக்காரர் சொன்னது நடக்காவிட்டால் ஒரு பிள்ளையின் விசுவாசம் உடைகிறது. ஒசின்பாஜோ அப்படி ஒரு நாளும் பேசி நான் கேட்டதில்லை. அவருடைய பிரசங்கங்களை யூடியூபில் கேட்டிருக்கிறேன். வகுப்பு எடுப்பது போல அமைதியாக இருக்கும். அந்த நிதானத்துக்காகவே அவரைப் பிடிக்கும்.

லேகோஸ்_ரிட்டர்ன்

இப்போது அந்த 235க்கு வருகிறேன்.

2019இல் மறுபடி ஜெயித்தார்கள். பிரச்சாரத்தின்போது கோகி மாநிலத்தில் கபா என்ற ஊரில் அவர் போன ஹெலிகாப்டரே விழுந்தது, எல்லோரும் தப்பினார்கள். ஜெயித்த பிறகுதான் அவரை ஓரங்கட்டும் வேலை தொடங்கியது. அவர் தலைமையில் இருந்த பொருளாதாரக் குழுவுக்குப் பதில், செப்டம்பரில் அதிபருக்கு நேரடியாக அறிக்கை தரும் புதிய குழு. பள்ளிச் சத்துணவு, இளைஞர் வேலைத் திட்டம், சிறு வியாபாரிகளுக்குப் பத்தாயிரம் நைரா கடன் எல்லாம் அவர் அலுவலகத்திலிருந்து ஒரு புது அமைச்சகத்துக்குப் போயின. நவம்பரில் அவருடைய உதவியாளர்கள் 35 பேரை நீக்கினார்கள். அதே மாதம் லண்டனில் இருந்த புஹாரி, பொறுப்பைக் கொடுக்காமல், அங்கேயே ஒரு எண்ணெய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2017 போல இன்னொரு வருடம் வந்துவிடக்கூடாது என்று யாரோ கவனமாக இருந்ததாகவே நான் நினைக்கிறேன்.

2022 ஏப்ரல் 11 அன்று அதிபர் பதவிக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். டினுபு ஏற்கெனவே களத்தில். அரசியலில் நீங்கள் வளர்த்த பிள்ளை நிற்கிறாரே என்று கேட்ட பத்திரிகையாளர்களிடம், அப்படி அறிவிக்கிற வயதில் எனக்குப் பிள்ளை இல்லை என்றார் டினுபு. யோருபா வீட்டில் பெரியவர் அப்படிச் சொன்னால் கதவைச் சாத்தியது மாதிரி.

அந்த வருடத் தொடக்கத்தில் ரிடீம்ட் சபை அரசியலுக்கென்றே ஒரு தனிப் பிரிவை ஆரம்பித்திருந்தது. ஒசின்பாஜோவுக்காகத்தான் என்று ஊரே பேசியது. சபை இல்லை என்றது. எதுவானாலும் சபையின் லட்சக்கணக்கான விசுவாசிகள் ஈகிள் ஸ்கொயரில் ஓட்டுப் போட முடியாது. அங்கே ஓட்டு உள்ளவர்கள் கட்சிப் பிரதிநிதிகள் மட்டும். 774 உள்ளாட்சிகள், ஒன்றுக்கு மூன்று பேர், மொத்தம் 2,322. புதிய தேர்தல் சட்டத்தில் ஏற்பட்ட குளறுபடியால் அமைச்சர்கள், எம்.பி.க்கள், ஆளுநர்கள் யாருக்கும் அந்த முறை ஓட்டு இல்லை. திருத்தச் சட்டத்தில் புஹாரி கையெழுத்திடவில்லை. ஒசின்பாஜோ தனக்குத்தானே ஓட்டுப் போட முடியாத நிலை. அந்தப் பிரதிநிதிகளை ஆட்டி வைப்பவர்கள் மாநில ஆளுநர்கள். ஆளுநர்களோடு இருபது வருடமாகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர் டினுபு. மைதானத்தைச் சுற்றி டாலர் புழங்கியதாக நைஜீரியப் பத்திரிகைகள் எழுதின.

பொருளாதாரக் கவுன்சிலில் ஏழு வருடமாக அதே ஆளுநர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஒசின்பாஜோ. அவர்களில் ஒரு ஐந்து பேரையாவது தன் பக்கம் கட்டிப் போட்டிருக்கலாம். அந்தக் கலை அவருக்கு வரவில்லை, அல்லது வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

மதுரை_மீனா

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடமாகத் தெரிகிறது. 2014இல் முஸ்லிம்-முஸ்லிம் கூடாது என்பதற்காக ஒரு பாஸ்டரைத் தேடிப் பிடித்த அதே கட்சி, 2022 ஜூலையில் டினுபுவுக்குத் துணையாக காஷிம் ஷெட்டிமாவை அறிவித்தது. முஸ்லிம்-முஸ்லிம். கிறிஸ்தவ அமைப்புகள் எதிர்த்தன. கட்சி அசையவில்லை. டினுபுவின் மனைவி ஒலுரெமி 2018இல் ரிடீம்ட் சபையிலேயே பாஸ்டராக நியமிக்கப்பட்டவர். வீட்டுக்குள்ளேயே ஒரு பாஸ்டர் இருக்கும்போது எங்களை மதவாதி என்பதா என்று ஆதரவாளர்கள் கேட்டார்கள்.

2023 பிப்ரவரி 25 தேர்தலில் டினுபு 87,94,726 ஓட்டு வாங்கி ஜெயித்தார். ஆனால் தன் கோட்டையான லேகோஸ் மாநிலத்தில் லேபர் கட்சி வேட்பாளர் பீட்டர் ஓபியிடம் பத்தாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். சார்ஸுக்கு எதிராகத் தெருவில் நின்ற பிள்ளைகள், சபைக்குப் போகும் குடும்பங்கள் என்று பலர் ஓபி பக்கம் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஒசின்பாஜோ நின்றிருந்தால் அவருக்கே போட்டிருப்பார்கள். மௌனமாக இருந்ததற்காக அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. அதை மீறியும் இது நினைவுக்கு வருகிறது.

பழைய_வாத்தியார்

அந்தப் பிரச்சாரத்தில் ஒசின்பாஜோ எங்கே இருந்தார், தம்பி? செய்தியில் அவர் பெயரே அடிபடவில்லையே.

லேகோஸ்_ரிட்டர்ன்

ஐயா, பிரச்சாரக் குழுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அரசாங்க வேலையைக் கவனிக்கச் சொல்லி அதிபர் விட்டுவைத்திருக்கிறார் என்று கட்சி விளக்கம் சொன்னது. கட்சித் தேர்தலில் தோற்றதும் டினுபுவுக்கு வாழ்த்துச் சொல்லி அறிக்கை விட்டார். பிறகு ஜூலையில், ஸ்குவாஷ் விளையாடி அடிபட்ட காலுக்கு அறுவை சிகிச்சை. லண்டனுக்குப் போகாமல் லேகோஸிலேயே ஒரு மருத்துவமனையில் செய்துகொண்டார். மாதக்கணக்கில் லண்டனில் சிகிச்சை எடுத்த அதிபரைப் பார்த்துச் சலித்த ஜனங்களுக்கு அது பெரிய செய்தி. என் பழைய டிரைவர் அன்றைக்கு வாட்ஸ்அப்பில் அந்தப் போட்டோவை அனுப்பினார். சக்கர நாற்காலி, பக்கத்தில் டாக்டர்கள். கீழே இரண்டே வார்த்தை: ‘குட் மேன்.’

பதவி முடிந்த அடுத்த மாதமே ஆப்பிரிக்காவில் மின்சாரம், சுத்தமான எரிசக்தி பற்றி வேலை செய்யும் ஒரு உலகக் கூட்டமைப்புக்கு ஆலோசகராகப் போய்விட்டார். பதவியில் இருந்தபோதே சமையல் எரிவாயு, சோலார் என்று அதிகம் பேசியவர்.

வக்கீல் சார், அந்த 2004 உள்ளாட்சித் தீர்ப்பு உங்களிடம் முழுதாக இருந்தால் இங்கே போடுங்கள். வாதங்களை நானும் படித்துப் பார்க்கிறேன்.